அம்மா மட்டும் உள்ளே

இருளர்களுக்கு வேலை கற்றுக்கொடுக்கப் போகிறோம் என்று வந்தார்கள். நாங்கள் என்னவோ அதுவரை படுத்துக் கிடந்த மாதிரி. செலியமேட்டுக்கு வெளியே வாய்க்கால் ஓரம் இருந்த எங்கள் குடிசைகளில், கைக்குழந்தையைத் தவிர எல்லாரும் செங்கல் சூளையில் கடனுக்குப் பாடுபட்டு மீண்டு வந்தவர்கள்தான். நானும் சுடாத பச்சைக்கல்லைக் காயத் திருப்பிப் போட்டிருக்கிறேன். அதை எவனும் வேலை என்று சொல்லவில்லை.

சரி, அரசாங்கப் பயிற்சி. அம்மா தையல் மெஷினில் உட்கார்ந்தாள். விரலில் ஊசி ஏறியது. துணியைச் சுற்றிக்கொண்டு மறுநாளும் போனாள். கடைசியில், வில்லியனூர் பக்கம் ஒரு துணிக் கம்பெனியில் வேலை, திங்கட்கிழமை போ என்றார்கள். அவ்வளவுதான் சொன்னார்கள்.

எங்களுக்கு வேலை என்றால் குடும்பமே கிளம்புவது. அப்பா சோற்றுப்பானை, பாய், தார்ப்பாய் எல்லாவற்றையும் கட்டினார். கோழியும் கூடையில் ஏறியது. பஸ்ஸில் கண்டக்டரிடம் திட்டு வாங்கிக்கொண்டு கம்பெனி கேட்டில் போய் நின்றோம்.

வாட்ச்மேன் விழுந்து விழுந்து சிரித்தான். "இன்னாபா இது, வூட்டையே பேத்து எட்த்துனு வந்துட்ட?"

"எங்க சார் தங்கறது?" என்றார் அப்பா.

"யாரு தங்கறது? அந்தம்மா மட்டும் உள்ள வரணும்."

"எல்லாரையும் வுடு சார். நானும் பாடுபடுவேன், இதுங்களும் படும்."

"கோழி இன்னா, பட்டன் தைக்குமா? யோவ், கேட்ட சாத்தப் போறேன். இந்தம்மா வரலன்னா இந்த வேலைக்கு வேற ஆளு நிக்குது."

அப்பா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். சூளையில் எல்லாரையும் ஒன்றாக வெளியே விடமாட்டார்கள். ஆஸ்பத்திரிக்கே ஆனாலும் ஒருத்தர் போனால், அவர் திரும்பி வரும்வரை மற்றவர் உள்ளேதான். முதலாளியின் ஆள் தலையாட்டாமல் யாரும் வாசலைத் தாண்டியதில்லை.

"வுடுய்யா" என்று கையை உருவிக்கொண்டு அம்மா உள்ளே போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. தம்பி கத்தினான்.

எதிரே புளியமரத்தடியில் மூட்டைகளோடு உட்கார்ந்தோம். பானையில் பழைய சோறு இருந்தது. நானும் தம்பியும் தின்றோம். அப்பா தொடவில்லை, கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு தடவை எழுந்துபோய், "எப்ப வுடுவீங்க சார்?" என்று கேட்டார். இரண்டு தடவையும் வாட்ச்மேன் விரட்டினான்.

சாயங்காலம் உள்ளே மணி அடித்தது. பெண்கள் கும்பலாக வந்தார்கள். அம்மாவும் வந்தாள், தலையில் பஞ்சும் நூலுமாக, யாருடனோ பேசிக்கொண்டே. வாட்ச்மேன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அப்பா அவளையும் கேட்டையும் மாறி மாறிப் பார்த்தார். கிசுகிசுப்பாகக் கேட்டார்.

"யாரையும் கேக்காமயா வந்துட்ட?"

"ஆமா" என்றாள் அம்மா.

"ஒருத்தனும் ஒண்ணும் சொல்லல?"

"இன்னா சொல்லுவான்?"

அப்பா திட்டுகிறார் என்றுதான் நினைத்தேன். எங்கே அடித்துவிடுவாரோ என்று ஓடிப்போய் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றுகொண்டேன்.