நான் நட்ட மூலை

எனக்கு அப்போது பத்து வயது. அம்மா அதுவரை அடுத்தவர் வயலில் கூலிக்கு நட்டவள். அந்த வருடம்தான் முதல்முறையாக மூன்று மா, ஏறக்குறைய ஒரு ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தாள். நிலக்காரர் ஒரு சம்பா போகத்துக்குத்தான் கொடுத்தார்.

"விளையலேன்னா தையோட நிலத்த விட்றணும்" என்றார்.

அம்மா தலையாட்டினாள்.

அப்புறம் அவள் செய்தது ஊருக்கே சிரிப்பாகிவிட்டது. வேளாண்மை ஆபீசில் ஒருநாள் பயிற்சி. அங்கே கேட்டு வந்ததை அப்படியே செய்தாள். எங்கள் பக்கம் ஒரு மாதத்து நாற்றை நாலைந்தாகச் சேர்த்து நெருக்கி நடுவார்கள். அம்மா பதினாலு நாள் நாற்றை, ஒன்றே ஒன்றாக, சாண் இடம் விட்டு, முடிச்சுப் போட்ட கயிறு பிடித்து நட்டாள். தண்ணீரையும் காயவிட்டுக் காயவிட்டுத்தான் பாய்ச்சினாள். நட்டு முடித்த வயலில் சேறுதான் தெரிந்தது.

அப்பாவின் தங்கை, என் அத்தை, வரப்பில் நின்று கேட்டாள்: "என்ன அண்ணி, புள்ளி வச்சிட்டீங்க, கோலம் எப்ப போடுவீங்க?"

நட வந்த பெண்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள்.

"தைக்குப் போட்டுக்கலாம்" என்றாள் அம்மா.

பத்து நாளாகியும் வயலில் பச்சை தெரியவில்லை. பள்ளிக்கூடம் போகிற வழி அதுதான். "உங்கம்மா சேத்த நட்டுருக்குடி" என்றார்கள் கூடப் படித்தவர்கள். எனக்கு மானம் போயிற்று. பக்கத்து வயலில் நட்டதுபோக மிச்ச நாற்று வரப்பில் கிடந்தது. ஒரு சனிக்கிழமை அதை அள்ளி வந்து, மேற்கு மூலையில் நாலு பாய் விரிக்கிற அளவுக்கு, இடைவெளியெல்லாம் கொத்துக் கொத்தாகச் செருகினேன். பச்சையாகிவிட்டது. எனக்குத் திருப்தி.

அம்மா வந்து பார்த்தாள். என் முழங்கால் வரை சேறு.

"நீயா?"

"ஆமா."

கூட வந்த அத்தை பிடுங்கக் குனிந்தாள்.

"விடு. இருக்கட்டும்" என்றாள் அம்மா.

கார்த்திகையில் அம்மா நட்ட ஒற்றை நாற்றெல்லாம் கிளைத்து, ஒவ்வொரு தூரும் கைக்குள் அடங்காமல் பெருத்தது. என் மூலை நெட்டையாக, ஒல்லியாக வளர்ந்தது. மார்கழி மழையில் அதுதான் படுத்தது. மற்றதெல்லாம் நின்றது.

அறுப்புக்கு நிலக்காரர் வந்தார். ஒரு தூரைப் பிடித்துக் கதிர் எண்ண ஆரம்பித்தார். எண்ணி மாளாமல் பாதியில் விட்டுவிட்டார்.

"அடுத்த வருசமும் நீயே போட்டுக்க" என்றார்.

அவர் போனதும் அத்தை மெதுவாக, "அண்ணி, அந்தக் கயித்தக் கொஞ்சம் குடுங்களேன்" என்றாள். மறு வருடம் எங்கள் தெருவில் ஏழு வீடு அந்தக் கயிறு பிடித்து நட்டது.

இப்போது நிலத்தை நான் பார்க்கிறேன். என் மனசு நோகக்கூடாதென்றுதான் அம்மா அந்த மூலையை விட்டுவைத்தாள் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். போன வருடம் முதல்முறையாகக் கடை உரமே போடாமல் சாகுபடி செய்தேன். பத்தாம் நாள் பயிர் வெளுத்து நிற்பதைப் பார்த்து, ஒரு மூலைக்காவது உரம் போட்டுவிடலாமா என்று நினைத்தேன். அப்போதுதான் புரிந்தது. ஒற்றை நாற்று தேறுமா தேறாதா என்று அம்மாவுக்கும் தெரியாது. எல்லாம் போனாலும் அந்த மூலையாவது நிற்கட்டும் என்று விட்டிருக்கிறாள். அவ்வளவு பயத்தையும் வயிற்றில் வைத்துக்கொண்டுதான், தைக்குக் கோலம் போடுகிறேன் என்று ஊர் எதிரில் சொல்லியிருக்கிறாள்.