கயிற்றுக்கு வெளியிலிருந்து நீண்ட கை

மல்யுத்தத்தில் நானும் ராசுவும் பதினாறு வருட ஜோடி. களைத்தவன் மூலைக்கு வந்து, கயிற்றுக்கு வெளியே நிற்கும் கூட்டாளியின் கையைத் தொட்டால்தான் மற்றவன் கோதாவுக்குள் இறங்கலாம்.

ராசுவின் முழங்கால் போனபின் நான் போட்டி நடத்துபவனாக மாறினேன். ஒத்தக்கடையில் முதல் போட்டி. ராசுவை அழைக்கவில்லை. நொண்டுகிறவன் கோதாவுக்கு அழகில்லை என்று நினைத்துவிட்டேன்.

வரவேற்றுப் பேசக் கோதாவுக்குள் நின்று மைக்கைப் பிடித்தேன், வார்த்தையே வரவில்லை. எங்கள் இருவரில் பேசுகிறவன் எப்போதும் அவன்தான். கூட்டம் கூச்சல் போட்டது. பழக்க தோஷத்தில் மூலையைப் பார்த்தேன். ஒரு கையில் டிக்கெட்டோடு, மறு கையைக் கயிற்றுக்குமேல் நீட்டியபடி ராசு நின்றிருந்தான்.

"தொடு மாப்ள, நான் பேசிக்கிறேன்."

தொட்டேன். முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தான்.

"இம்புட்டுப் பேரப் பாத்ததும் எங்க மாப்ளைக்கு வெக்கம் வந்துருச்சு!" என்றான். கூட்டம் சிரித்து அடங்கியது.

ஏன் அழைக்கவில்லை என்று அவன் இன்றுவரை கேட்கவில்லை. கேட்டிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.