ஒருத்திக்காக ஓடிய மின்விசிறி

அந்தப் பெண்ணுக்கு வியர்க்காது. பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே அவளுடைய அம்மா வந்து இதை என்னிடம் சொல்லிவிட்டார். ஒன்பதாம் வகுப்பு ‘பி’ பிரிவின் வாசலில், கசங்கிய மருத்துவச் சீட்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு துணிக் கம்பெனியில் தையல் வேலை. அன்று அரை நாள் விடுப்பு எடுத்து வந்திருந்தார். கணவர் துணை ராணுவத்தில், வடக்கே எங்கோ எல்லையில்.

“பொறந்ததுலேருந்தே இப்டித்தான் மிஸ். வேர்வைக்கான சுரப்பியே ஒடம்புல இல்லன்னுட்டாரு டாக்டரு. சூடு ஏறுச்சுன்னா எறங்காது. ஃபேனுக்குக் கீழ உக்கார வச்சிருங்க. துண்டு குடுத்து வுட்டிருக்கேன், நனைச்சி நனைச்சிப் போட்டுக்குவா. வேற தொந்தரவே இல்ல.”

“சரிம்மா, பாத்துக்கிறேன்.”

போகத் திரும்பியவர் நின்று சொன்னார்: “அவளா வாயத் தெறந்து ஒண்ணும் கேக்க மாட்டா மிஸ். நீங்கதான் பாத்துப் பண்ணணும்.”

சீட்டை வாங்கி வருகைப் பதிவேட்டுக்குள் வைத்தேன். பெண் வகுப்புக்குள் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையில் முடி குறைவு, பல்லும் குறைவு. இருந்த நாலைந்து பற்களும் கூராக இருந்தன. சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்வாள். நடுவரிசையில், மின்விசிறிக்கு நேர்கீழே அவளுக்கு இடம் கொடுத்தேன். அந்த ஒரு காரியத்தை ஒழுங்காகச் செய்தேன்.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஆவடியில் அந்தப் பள்ளியில் பதினெட்டு வருடமாக இயற்பியல் ஆசிரியை. அந்த வருடம் மேல்நிலை வகுப்புகளை என்னிடமிருந்து எடுத்து, என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவரிடம் கொடுத்துவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. ஒன்பதாம் வகுப்புக்கு நான் இறங்கி வந்தேன். ஆசிரியர் அறையில் யாராவது தாழ்ந்த குரலில் பேசினால், என்னைப் பற்றித்தான் என்று தோன்றும்.

ஜூலையில் தாளாளர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். பள்ளிகளின் மின்சாரச் சிக்கனத்துக்கு ஏதோ ஒரு விருது தருகிறார்களாம். “நீங்க ஃபிசிக்ஸ். நீங்களே பொறுப்பெடுத்துக்கங்க. என்ன வேணும்னாலும் பண்ணுங்க, நான் குறுக்க வர மாட்டேன்” என்றார். அந்த வருடத்தில் எனக்குக் கிடைத்த ஒரே மரியாதை அதுதான்.

இரண்டு வாரம் உட்கார்ந்து திட்டம் போட்டேன். வராந்தா விளக்குகள் பகலில் எரியக் கூடாது. கணினி அறையில் ஏசி கூடாது. மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் காலையில் ஒரு தடவை மட்டும் ஓட வேண்டும். ஒவ்வொரு வகுப்பு வாசலிலும் ஒரு சிறிய மீட்டர். வெள்ளிக்கிழமை அளவெடுத்துத் திங்கட்கிழமை பிரேயரில் வாசிக்க வேண்டும். பருவ முடிவில் குறைந்த மின்சாரம் செலவழித்த வகுப்புக்குக் கேடயம்.

திட்டத்தில் பெரிய தப்பு இல்லை. ஆளில்லாத அறையில் விசிறி ஓடுவதும், பட்டப்பகலில் குழல் விளக்கு எரிவதும் என் கண் முன்னால் நின்றன. ஆனால் கீழ்த்தளத்து வகுப்புகள் புங்க மரத்தின் நிழலில் இருந்தன. எங்கள் வகுப்பு மூன்றாம் மாடியில், மொட்டைமாடிக்கு நேர்கீழே. பதினோரு மணிக்கு மேல் கூரைக் காங்கிரீட் கொதிக்கும். இரண்டையும் ஒரே தராசில் வைப்பது நியாயமில்லை என்பது எனக்குத் தெரியும். வேண்டுமென்றே மாற்றவில்லை. மூன்றாம் மாடியிலிருந்து ஜெயித்தால்தான் பேச்சு இருக்கும்.

பிள்ளைகள் என்னைவிட வெறியாக இருந்தார்கள். நான்கு விசிறிகளில் மூன்றை அவர்களாகவே நிறுத்தினார்கள். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்க, நோட்டுப் புத்தகத்தால் விசிறியபடி பாடம் கவனித்தார்கள். முதல் இரண்டு வாரம் நாங்கள்தான் முதலிடம். பிரேயரில் எங்கள் வகுப்பின் பெயரை வாசித்தபோது, மேல்நிலை வகுப்பு எடுக்கும் அந்த இளையவரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் இரண்டாமிடத்துக்கு இறங்கினோம். வகுப்புத் தலைவி எழுந்தாள். கெட்டிக்காரி, நன்றாகப் படிப்பவள்.

“மிஸ், நாம எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டோம். அந்த ஒரு ஃபேனுதான் மிஸ் ஓடினே கீது.”

அன்றைக்கு மின்திறன் பாடம். பாடத்துக்குப் பொருத்தமான கணக்கு என்றுதான் அப்போது எனக்குத் தோன்றியது. கரும்பலகையில் எழுதினேன்: எழுபத்தைந்து வாட் மின்விசிறி ஒன்று ஒருவருக்காக மட்டும் ஏழு மணி நேரம் ஓடினால் எத்தனை யூனிட் செலவாகும்?

“அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல மிஸ்” என்றான் பின்வரிசைப் பையன் ஒருவன். வகுப்பே திரும்பி நடுவரிசையைப் பார்த்தது. அவள் குனிந்து கணக்கை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். விடையின் கீழே இரண்டு கோடு போட்டாள். நான் சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த கணக்குக்குப் போனேன்.

மறுநாளிலிருந்து அவளுக்கு ‘அரை யூனிட்’ என்று பேர். “ஏய் அரை யூனிட்டு, தள்ளி உக்காரு.” “அரை யூனிட்டு வந்துகினு கீது, மீட்டரப் புடிங்கடா.” என் காதிலேயே விழுந்தது. ஒரு தடவை “ஷ்ஷ்” என்றேன். இன்னொரு தடவை எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன், ஆனால் பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள். ஆசிரியை சிரித்துவிட்டால் அது அனுமதி. அது எனக்குத் தெரியாததல்ல.

அதன்பின் அவள் வகுப்புக்கு வருவதற்கு முன் சுவிட்சை அணைத்து வைப்பார்கள். அவளாக எழுந்து போட வேண்டும். போட்டால் யாரோ பின்னாலிருந்து “டிக், டிக்” என்று மீட்டர் ஓடுவதுபோலச் சத்தம் எழுப்புவார்கள். ஆகஸ்ட் முடிவதற்குள் அவள் எழுந்து போடுவதை நிறுத்திவிட்டாள். துண்டை மட்டும் நனைத்து நனைத்துத் தலையிலும் தோளிலும் போட்டுக்கொள்வாள். மதியத்தில் முகம் செங்கல் நிறத்துக்குப் போகும். நான் வருகை எடுக்கும்போது “உள்ளேன் மிஸ்” என்ற குரல் வந்துவிடும். வந்தால் போதும் என்று இருந்தேன்.

செப்டம்பர் கடைசி வாரம் போட்டியின் கடைசி வாரம். நாங்களும் கீழ்த்தளத்து வகுப்பு ஒன்றும் ஏறக்குறைய சமமாக இருந்தோம். எங்கள் பிள்ளைகள் அந்த வாரம் முழுக்க ஒரு விசிறியும் போடுவதில்லை என்று முடிவு செய்தார்கள். என்னிடம் வந்து சொன்னார்கள். “எல்லாரும் ஒத்துக்கிட்டாங்களா?” என்று கேட்டேன். “எல்லாரும் மிஸ்.” நான் அதற்கு மேல் கேட்கவில்லை.

மோட்டார் ஓடும் நேரத்தையும் அந்த வாரம் பாதியாக்கியிருந்தேன். விருதுக் குழுவுக்கு அனுப்ப வேண்டிய கணக்கு அழகாக இருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை ஆயாம்மா என்னை மாடிப்படியில் மறித்தார்.

“இன்னா மிஸ் இது, பத்து மணிக்கெல்லாம் மேல கொழாயில தண்ணி நின்னுபூடுது. புள்ளைங்க கீழயும் மேலயும் அலையுதுங்க.”

“ஒரு வாரம்தானே ஆயாம்மா. சமாளிங்க.”

வியாழக்கிழமை இரண்டாம் பாடவேளையில் வகுப்பைக் கடந்து போனேன். வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். நாலு விசிறியும் அசையாமல் தொங்கின. அவள் துண்டைத் தலையில் போட்டு மேசையில் சாய்ந்திருந்தாள். எனக்குள் ஏதோ உறுத்தியது. நாற்பத்தொரு பிள்ளைகளுக்கு முன்னால் கேட்டேன்: “என்னம்மா, ஃபேன் போடவா?”

அவள் நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. தலைவியைப் பார்த்தாள். பிறகு, “வேணாம் மிஸ்” என்றாள்.

சுவிட்சு என் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது. கையை நீட்டினால் எட்டும். நான் நகர்ந்துவிட்டேன். அப்பாடா என்றுகூட இருந்தது.

அதன்பிறகு நடந்தது எனக்குப் பிறர் சொல்லித் தெரியும். பதினோரு மணி வாக்கில் துண்டு நனைக்கப் போயிருக்கிறாள். குழாயில் காற்றுதான் வந்திருக்கிறது. மூன்று மாடி இறங்கிப் போக வகுப்பிலிருந்த ஆசிரியரிடம் அவள் அனுமதி கேட்கவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் சாப்பிடாமல் படுத்திருந்தாள். மதியம் முதல் பாடவேளையில் சம்பந்தமில்லாமல் ஏதோ பேச ஆரம்பித்தாள், சிலர் சிரித்தார்கள். எழுந்து நின்று, “மிஸ், நான் வீட்டுக்குப் போயிட்டேன்” என்றாளாம். விழுந்தாள். கை கால் இழுத்தது.

ஆயாம்மாதான் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார். நான் ஆசிரியர் அறையிலிருந்து ஓடி வந்தபோது குடிதண்ணீர்ப் பானையை அப்படியே அவள் மேல் கவிழ்த்துக்கொண்டிருந்தார். “தொட்டுப் பாரு மிஸ், கொதிக்குது! அடுப்பு மாரி கொதிக்குது!” என்று கத்தினார். தொட்டேன். அந்தச் சூட்டை என்னால் எழுத்தில் கொண்டுவர முடியாது. ஒரு பொட்டு ஈரமில்லை அந்த நெற்றியில், பானைத் தண்ணீரைத் தவிர.

ஒன்பது நாள் தீவிர சிகிச்சையில் இருந்தாள். பிழைத்தாள். ஆனால் சூடு மூளையைத் தொட்டுவிட்டது என்றார்கள். பேச்சு குழறியது. நடை தள்ளாடியது.

தாளாளர் என்னைக் கூப்பிட்டார். கோபப்படவில்லை. “அந்தம்மா புகார் கொடுத்தா நீங்கதான் முதல்ல போவீங்க, அப்புறம் ஸ்கூலு” என்றார். என்ன செய்ய வேண்டும் என்று அவர் சொல்லவே இல்லை. நானே எழுதினேன்: ‘மின்விசிறி போடட்டுமா என்று வகுப்பாசிரியை கேட்டபோது மாணவி தாமாகவே வேண்டாம் என்று கூறினார்.’ அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, ‘தாமாகவே’ என்பதைத் தவிர.

அந்தத் தாளை வகுப்பில் சுற்றுக்கு விட்டேன். சாட்சியாகக் கையெழுத்துப் போடச் சொன்னேன். எல்லோரும் போட்டார்கள். தலைவி மட்டும் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அழுதிருந்தாள் என்று நினைக்கிறேன்.

“மிஸ், நாங்கதான் அப்டி சொல்லச் சொன்னோம். ஃபேனு போட்டா யாரும் உன்னோட பேச மாட்டோம்னு சொன்னோம். அதையும் எழுதணுமா மிஸ்?”

“கேட்டதுக்கு மட்டும் கையெழுத்துப் போடு” என்றேன்.

போட்டாள். பதினான்கு வயதில் அவளுக்கு நான் சொல்லிக் கொடுத்த பாடம் அது. இயற்பியல் மறந்திருக்கும்.

அந்தப் பெண்ணின் அம்மா வந்தார். தாளாளரின் மேசைக்கு இந்தப் பக்கம் நானும் அவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில். தாளை நிதானமாகப் படித்தார். கையெழுத்துகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன்.

“வேணாம்னுதான் சொல்லியிருப்பா மிஸ்,” என்றார் என்னைப் பார்த்து. “அவ யார்ட்டயும் எதையும் வேணும்னு கேட்டதில்ல. அதுக்குத்தான அரை நாள் லீவு போட்டு உங்ககிட்ட வந்தேன்.”

தாளாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு டி.சி. விஷயத்தைப் பேச ஆரம்பித்தார். பதிவேட்டுக்குள் இருந்த மருத்துவச் சீட்டை நான் அதற்கு முந்தைய நாளே எடுத்துக் கிழித்துப் போட்டிருந்தேன். அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கேடயம் எங்கள் வகுப்புக்குத்தான் கிடைத்தது. கடைசி வார அளவு பூஜ்ஜியம். அதை யாராலும் மிஞ்ச முடியவில்லை. டிசம்பரில் பள்ளிக்கும் விருது வந்தது. மேடையில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்த கல்வியாண்டில் மேல்நிலை வகுப்பு எனக்குத் திரும்பக் கிடைத்தது.

இரண்டு வருடம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவர்கள் வீட்டுக்குப் போனேன். வேப்பம்பட்டில் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சின்ன வீட்டுக்கு மாறியிருந்தார்கள். ஆயாம்மாவிடம் விலாசம் வாங்கினேன். அவர் நடுநடுவே போய்ப் பார்த்துவிட்டு வருகிறார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். என்ன சொல்ல வேண்டும் என்று ரயிலில் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

அப்போதுதான் பூசை முடிந்து கோயிலிலிருந்து வந்திருந்தார்கள். அம்மா கதவைத் திறந்து, ஒரு கணம் பார்த்துவிட்டு, உள்ளே வரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். அந்தப் பெண் சுவரைப் பிடித்தபடி வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். வளர்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் வாயைக் கையால் மூடிச் சிரித்தாள். வெட்கத்தில் சிரிக்கிறாளா, சந்தோஷத்திலா என்று எனக்குப் பிடிபடவில்லை.

நான் ஒத்திகை பார்த்த எதையும் ஆரம்பிக்கும் முன் அவள் பேசினாள். ஒவ்வொரு எழுத்தாக, நாக்கைத் தூக்கி வைப்பதுபோல.

“மிஸ்… நம்ம… கிளாசு… ஜெயிச்சிச்சா?”

யாரும் அவளிடம் சொல்லவில்லை போலும். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“ஆமாம்மா. நாமதான் ஜெயிச்சோம்.”

அவள் தலையாட்டினாள். அவ்வளவுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. மன்னிப்பு என்ற சொல்லை அதன்பிறகு நான் எங்கே வைப்பது? பிஸ்கட் பொட்டலத்தை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

அம்மா வாசல்வரை வந்தார். செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது குரலைத் தணித்துச் சொன்னார்: “நீங்க வந்தது உங்களுக்காக மிஸ். எனக்குப் புரியுது. ஒரு தடவ வந்துட்டீங்க, சரி. இனிமே வராதீங்க.”

“சரிம்மா” என்றேன்.

ரயில் நிலையத்துக்கு நடந்தபோது எனக்கு அழுகை வரவில்லை. இனி அங்கே போக வேண்டியதில்லை என்ற நிம்மதிதான் முதலில் வந்தது. அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.