பேசாத கோமாளிக்குப் பெண் பேசிய கதை

கோமாளி வேலையில் கீழே விழுவது சுலபம். வேண்டுமென்றேதான் விழுந்தேன் என்று ஜனங்களை நம்பவைப்பதற்குள் உயிர் போய்விடும். மளிகைக்கடைக்காரர், பஸ் கண்டக்டர், பள்ளிக்கூட வாத்தியார் என்று பொதுஜனத்திடம் வசமாக மாட்டிக்கொண்டு பிழைக்கிற அத்தனை பேரும் எனக்குப் பங்காளிகள்தான். உங்களிடம் சொல்லி அழாமல் வேறு யாரிடம் போய் அழ?

அறுபதுகளில் செஞ்சியில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு நாடக சபா நடத்தினோம். தலைவர் காசிம் பாய். பகலில் தையல்கடை, நாடகத்தில் ஆர்மோனியம். நான் ஏகாம்பரம். பகலில் தகரம் வெட்டிப் பற்றவைப்பேன், மேடையில் கோமாளி. முப்பது வயதாகியும் எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அது எனக்குப் பெரிய குறை. கூடப் படித்தவனெல்லாம் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு என் நாடகம் பார்க்க வந்தான். அம்மா பெண் கேட்டுப் போகாத ஊர் இல்லை. அந்தக் கல்யாணத்துக்கு என் தொழிலே எப்படிக் குறுக்கே வந்து படுத்துக்கொண்டது என்பதைக் கேளுங்கள்.

தொண்டைக்கட்டு

எங்கள் பக்கத்துக் கூத்தில் கட்டியங்காரன்தான் கோமாளி, அவனுக்கு வாய் ஓயவே கூடாது. வருகிற ராஜாவைக் கேலி செய்ய வேண்டும், முன்வரிசையில் தூங்குகிற தர்மகர்த்தாவையும் கேலி செய்ய வேண்டும். நானும் அந்த வழியில்தான் ஆரம்பித்தேன். ஒரு ஈ காக்கைகூடச் சிரிக்கவில்லை. ஒரு தடவை தொண்டை கட்டி, காற்றுத்தான் வந்தது. வேறு வழியில்லாமல் ஒரு மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேடைக்குப் போனேன். உட்காரப் போவேன், நாற்காலி மடங்கும். பிரிப்பேன், கால் மாட்டிக்கொள்ளும். காலை எடுத்தால் தலை மாட்டும். பன்னிரண்டு நிமிஷம், ஒரு வார்த்தை கிடையாது. கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டது.

அடுத்த வாரம் தொண்டை தெளிந்துவிட்டது. பழையபடி வசனத்தை எடுத்துக்கொண்டு ஒத்திகைக்குப் போனேன். காசிம் பாய் ஆர்மோனியத்தை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "ஏகா, ஒன் வாயி மூடியிருந்தாத்தான்டா ஜனம் சிரிக்குது. அல்லா பாத்து குடுத்த தொண்டைக்கட்டு, அத்த வீணாக்காத."

மைக் செட்

அதற்கப்புறம் ஒரு மாதா கோயில் திருவிழாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நாற்காலியோடு நான் மல்லுக்கட்ட ஆரம்பித்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. "சவுண்டு வரல!" என்று ஒரு குரல். அவ்வளவுதான், பந்தல் முழுக்க "மைக்கு! மைக்கு!" என்று விசில். மைக் செட்காரர் பதறிக்கொண்டு மேடைக்கு ஓடிவந்தார். "அலோ, அலோ" என்று தட்டிப் பார்த்தார். நாற்காலிக்கு அடியில் கிடந்த என் வாய்க்கு நேராக மைக்கைப் பிடித்தார். நான் உருண்டேன், அவரும் உருண்டார். வேண்டாம் என்று கையை ஆட்டினேன். இன்னும் சத்தமாக வைக்கச் சொல்கிறேன் என்று நினைத்து, ஆம்ப்ளிஃபையரைத் திருகச் சொல்லித் தன் ஆளிடம் கத்தினார். மைக் வீல் என்று அலறியதில் ஒரு குழந்தை பயந்து அழுதது.

எனக்கு ஆத்திரமான ஆத்திரம். இறங்கி வந்ததும் அவரைப் பிடித்துக்கொண்டேன். இந்த வேஷத்துக்கு மைக்கே வேண்டாமய்யா, பேச்சே கிடையாது என்று தலைதலையாக அடித்துக்கொண்டேன். அவர் ஒயரைச் சுருட்டிக்கொண்டே நிதானமாகச் சொன்னார்: "நம்ம செட்டுல ஒரு கொறையும் இல்ல வாத்தியாரே. ரிப்பேரு ஒங்ககிட்டதான் இருக்குது."

சீயமங்கலத்துப் பெரியவர்

அடுத்த நாடகம் சீயமங்கலத்தில். அங்கே மைக் கேட்டுச் சத்தம் போட ஆளில்லை. ஆகா, இன்றைக்காவது முழுசாக முடிப்போம் என்று உற்சாகமாக விழுந்துகொண்டிருந்தேன். மூன்றாவது தடவை விழுந்தபோது ஒரு பெரியவருக்குத் தாங்கவில்லை. தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு மேடை ஏறிவிட்டார். நாற்காலியைப் பிடுங்கி, பிரித்து, நாலு காலையும் அழுத்தி நிறுத்தினார். என்னை இரண்டு கக்கத்திலும் தூக்கி அதில் உட்கார வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் என் வேஷம் முடிந்தது! ஜனங்கள் அவருக்குக் கைதட்டினார்கள். நான் குரங்கு மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

நான் எழுந்திருக்கப் போனால் தோளை அழுத்தி மறுபடி உட்கார வைக்கிறார். காசிம் பாயைப் பார்த்து அவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "ஏன் பாய், இத்தினி பேரு இருக்கறீங்க, பேச வராத புள்ளய ஒருத்தன் புடிச்சு உக்கார வைக்கக் கூடாதா?"

நாலாயிரம் சாட்சி

'பேச வராத பிள்ளை' என்று அவர் சொன்னதை நான் அப்போது கவனிக்கவில்லை. கவனித்திருக்க வேண்டும். நாங்கள் போன ஊரிலெல்லாம் அந்தப் பேச்சு எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. செஞ்சி நாடகத்தில் ஒரு ஊமைப் பையன் இருக்கிறான், பாவம், நன்றாக விழுகிறான் என்று. சந்தையில் கத்தரிக்காய் விலை கேட்டால் காய்க்காரி என்னிடம் விரலைக் காட்டிச் சொல்லுவாள். எனக்குக் காது கேட்கும் தாயே என்றால், தப்பாகக் கேட்டது போலச் சுற்றும்முற்றும் பார்ப்பாள்.

அந்த வருஷம் மூன்று இடத்தில் ஜாதகம் பொருந்தி, மூன்றும் தட்டிப்போனது. அம்மா தரகரைக் கூப்பிட்டு வாசலில் நிறுத்தி, என்னைப் பேசச் சொன்னாள். நான் பத்து வரி வசனம் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். தரகர் தலையைச் சொறிந்தார். "பேசுவாருன்னு எனக்குத் தெரியுதும்மா. ஆனா பேசலன்னு நாலாயிரம் பேரு பாத்திருக்கானே, அதுக்கு இன்னா பண்றது?"

மலையனூரில் வந்த பேச்சு

மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் அமாவாசைக்கு ஸ்பெஷல் பஸ்கள் மத்தியானத்திலிருந்தே ஜனங்களைக் கொண்டுவந்து கொட்டும். அந்தக் கூட்டத்துக்கு ஓரமாக, நாலு பலகை போட்டு நாங்கள் நாடகம் வைத்தோம். நாற்காலியில் என் தலை மாட்டியிருந்த சமயம் பார்த்து, கையில் விபூதியோடும் எலுமிச்சம்பழத்தோடும் ஒரு அம்மாள் பலகைமேல் ஏறினார். என் நெற்றி நிறைய விபூதி பூசி, "தாயே அங்காளம்மா, இந்தப் புள்ளைக்கு வாயைக் குடு" என்று அழ ஆரம்பித்துவிட்டார். கீழே நூறு பெண்கள் கைகூப்பினார்கள். நான் என்ன செய்வேன்? பின்வாங்கினேன். அந்த அம்மாளும் முன்னால் வந்தார். கனத்த உடம்பு. குதிகால் சரியாக என் கால் சுண்டுவிரலில் இறங்கியது.

"ஐயோ, அம்மா!" என்று கத்திவிட்டேன்.

"அம்மான்னு கூப்ட்டான்! பேசிட்டான்!" என்று ஒரு அலறல். குலவைச் சத்தம் பஸ் ஸ்டாண்டு வரை கேட்டிருக்கும். என் காலில் நாலு பேர் விழுந்தார்கள். நான் ஊமையே இல்லைங்க, பிறந்ததிலிருந்து பேசுகிறேன், இது நாடகம் என்று தொண்டை கிழியக் கத்தினேன். எவ்வளவு தெளிவாகப் பேசுகிறான் பார் என்று இன்னும் நாலு பேர் விழுந்தார்கள். விபூதி பூசிய அம்மாள் மட்டும் கோபமாக என் காதைப் பிடித்துத் திருகினார்: "குடுத்தவ முன்னாடியே பொய் பேசறியா? மறுபடி புடுங்கிக்குவாடா!"

அதற்கப்புறம் பெண் வீட்டாருக்குப் புதுச் சந்தேகம். அம்மன் கொடுத்த வாய் நிலைக்குமா என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

தொண்டூர்

இந்த லட்சணத்தில்தான் தொண்டூரிலிருந்து வரச் சொல்லி ஆள் வந்தது. பெண் பேர் அலமேலு. எங்கள் நாடகத்தைப் பார்த்திருக்கிறாளாம். இதுவும் போனால் இனி எனக்குக் கல்யாணமே இல்லை என்று எனக்குத் தோன்றிவிட்டது. பஸ்ஸில் போகும்போதே முடிவு செய்தேன்: உள்ளே நுழைந்ததிலிருந்து பேச வேண்டும், ஒரு நிமிஷம் வாயை மூடக் கூடாது. பெண்ணின் நைனா மணிலாக்கொட்டை என்கிற வேர்க்கடலை வியாபாரி, அவருக்கும் வாய் சாமானியமில்லை. மழையைப் பற்றிச் சொன்னேன், மணிலாக்கொட்டை விலை சொன்னேன், ரேஷன் அரிசியைத் திட்டினேன், செஞ்சிக் கோட்டைக்கு எத்தனை படி என்று கணக்குச் சொன்னேன். அவர் ஒன்று சொன்னால் நான் மூன்று சொன்னேன். மாப்பிள்ளை நல்லாவே பேசறாரே என்று அவர் பூரித்துப்போனார். அம்மா முகத்தில் அத்தனை வருஷம் கழித்து ஒரு நிம்மதி.

காபி கொண்டுவந்த பெண் டம்ளரை டங்கென்று வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் அவள் அத்தை வந்து, பெண் வேண்டாம் என்கிறாள் என்றார். ஏன் என்று நைனா கத்தினார். உள்ளேயிருந்து அலமேலுவே பதில் சொன்னாள்: "வாயில்லாத புள்ளன்னு சொன்னீங்கன்னுதான நான் சரின்னேன்! பொறந்ததுலேர்ந்து ஒன் பேச்சக் கேட்டே காது போச்சு. இது ஒனக்கும் மேல இருக்குதே நைனா!"

அது அப்படி இல்லம்மா என்று வாயைத் திறந்தேன். திறந்த வாயை அப்படியே மூடினேன். மூடின வாயில் ஒரு பூட்டைப் போட்டேன், வெறுங்கையால்தான். சாவியைத் திருகி எடுத்தேன். அரைஞாணில் முடிந்தேன். பிறகு யோசித்துப் பார்த்து, அதை அவிழ்த்து உள்வாசல் பக்கமாக நீட்டினேன். நைனா ஏதோ கேட்டார், நான் பதில் சொல்லவில்லை. அம்மா தொடையில் கிள்ளினாள், அப்போதும் சொல்லவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நீட்டிக்கொண்டிருந்தேனோ தெரியாது. அலமேலு வெளியே வந்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு என் வெறுங்கையிலிருந்து அந்தச் சாவியை எடுத்து, முந்தானையில் முடிந்துகொண்டு சொன்னாள்: "தேதியப் பாரு நைனா. சாவி எங்கிட்ட இருக்குது."

பேசாமல் இருந்து கைதட்டல் வாங்க ஊர் ஊராக உருண்டவனுக்கு, இப்போது வீட்டில் பேசாமல் இருந்தால் வேளா வேளைக்குச் சோறு கிடைக்கிறது.