குட்டிக் காருக்குப் பெரிய வீல்

என் குட்டிக் காருக்குப் பெரிய அலாய் வீல் மாட்டும் வரை இன்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

தண்டையார்பேட்டையில், பழைய வீல் விற்கும் பாய் கடையில் மாட்டியாயிற்று. நட்டெல்லாம் கச்சிதமாக உட்கார்ந்தன.

"சூப்பர் பாய், கிளம்புறேன்."

"இன்னா அவசரம் நைனா? காலி வண்டில எல்லா வீலும் சிரிச்சிகினு நிக்கும்" என்றவர், பக்கத்து டீக்கடையிலிருந்து நான்கு பேரைக் கூப்பிட்டு வண்டியில் ஏற்றினார். "இப்ப ஸ்டீயரிங்க ஃபுல்லா ஒடி."

ஒடித்தேன். கர்ரென்று டயர் மட்கார்டில் உரசியது.

நாளை இதில்தான் மாமனார் குடும்பத்தோடு, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே எண்ணூர் போக இருந்தேன்.

பழைய அளவிலேயே வேறு வீல் மாட்டினோம். உரசவில்லை.

ஆனால் ஏறிய நால்வரும் இறங்கவில்லை. "கொருக்குப்பேட்டை வரிக்கும் ஓட்டிப் பாத்துரு மாமு. அப்பதான் கன்ஃபார்ம்" என்றார் பின்சீட்டில் ஒருவர்.

இப்போது கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் ஐந்து பேராக உட்கார்ந்திருக்கிறோம். கேட் எப்போது திறக்கும், யாருக்காவது தெரியுமா?