தம்பியின் முழங்கை

மாஸ்டர், என் தம்பியின் முழங்கையைக் கெடுத்தது நீங்கள்தான்.

ரேணிகுண்டா பட்டறையில் நாள் முழுக்கச் சம்மட்டி அடிக்கிறவன் அவன். கையின் பின்பக்கச் சதையான டிரைசெப்ஸைப் பெருக்க உங்கள் ஜிம்முக்கு வந்தான். பெஞ்சில் படுக்கவைத்து, கனமான கம்பியை நெற்றிவரை இறக்கி ஏற்றச் சொன்னீர்கள்.

மூன்றாம் மாதம் கெஞ்சினான். "மொழங்கை சுருக்குனு இழுக்குது மாஸ்டர். இத்த உட்டுட்டு அந்த கேபிள் மிஷினையே இழுத்துக்கினு இருக்கறேனே."

"வலிச்சாதான் வளரும்" என்றீர்கள்.

கம்பி நழுவினால் பிடிக்கத் தலைமாட்டில் நின்ற நான் சிரித்தேன். "துன்ற சோறெல்லாம் எங்கடா போவுது? தூக்குடா!"

திருப்பதி டாக்டர் முதலில் கேட்டதே, "என்ன வேலை பண்றப்பா?" என்றுதான். பதிலைக் கேட்டதும், "சம்மட்டி அடிச்சுத் தேஞ்ச கைக்கு அந்தப் பயிற்சியை எவன் குடுத்தான்?" என்றார். அவன் வேலை என்னவென்று நீங்கள் கேட்கவில்லை, தெரிந்த நானும் சொல்லவில்லை.

அவன் வேலை போய்விட்டது. வலது கையை மடக்க முடியாமல் இடது கையால் சாப்பிடுகிறான். நான் பக்கத்தில் உட்கார்ந்தால் எழுந்து போகிறான்.

கை பெருத்தபோது எடுத்த அவன் படம் இன்னும் உங்கள் ஜிம் வாசலில் தொங்குகிறது. அதன் கீழே, பையன்கள் எல்லோர் முன்னாலும் நின்று பதில் சொல்லுங்கள்: அவன் வேலையை ஏன் கேட்கவில்லை? என் பங்கைச் சொல்ல நானும் அங்கே நிற்பேன்.