அடிக்கல்லின் அடிப்பக்கம்

போன மாதம் ஹல்துமுல்லைக்கு மேலே இருக்கும் ஒரு ஹோட்டலில் நண்பர் மகனின் கல்யாண விருந்து. மழை விட்டு, பனிமூட்டம் புல்தரை வரைக்கும் இறங்கியிருந்தது. சேறு படாமல் ஏறுவதற்கு வாசலில் ஒரு கறுப்புக் கல்லைப் படியாகப் போட்டிருந்தார்கள். காலைத் தூக்கியவன் அப்படியே நின்றுவிட்டேன். இடது மூலை உடைந்த கல். உடைத்தவன் நான்தான்.

நனைந்த கருங்கல்லுக்கு ஒரு வாசனை உண்டு, கவனித்திருக்கிறீர்களா? எனக்கு அது பதுளையில் பெனடிக்ட் அண்ணனின் கடை வாசனை. கல்லில் பெயர் வெட்டும் கடை. இருபத்திரண்டு வயதில் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். என்னிடம் அழகாக இருந்தது கையெழுத்து ஒன்றுதான், அதனால் உளியைக் கொடுத்துவிட்டார். வருஷம் முழுக்கக் கல்லறைக் கல். தேர்தல் வந்தால் அடிக்கல்லும் சேரும்.

அப்படி ஒரு தேர்தலுக்கு எங்கள் பக்கத்தில் வேட்பாளராக நின்ற ஐயாவின் ஆட்கள் வந்து, வீடமைப்புத் திட்டத்துக்கு அடிக்கல் என்று ஐயாவின் பெயரோடு வெட்டச் சொன்னார்கள். "தோட்டத்துப் பேரும் தேதியும் வேணாம்." அவர்கள் போனதும் பெனடிக்ட் அண்ணன் சிரித்தார். "கல்லறைக்குக்கூட தேதி இருக்குடா."

ஏன் வேண்டாம் என்பது பிறகுதான் புரிந்தது. எல்லாத் தேயிலைத் தோட்டத்துக்கும் அந்த ஒரே கல். காலையில் நான் போய்க் குழி வெட்டி, சிமெந்து போடாமல் களிமண்ணில் கல்லைப் படுக்கவைப்பேன். தப்பு அடிப்பார்கள், மாலை விழும், ஐயா பேசுவார். ஜீப்புகள் இறங்கியதும் கல்லைப் பெயர்த்து லொறியில் ஏற்றுவேன். மறுநாள் வேறு தோட்டம், அதே பேச்சு. அதே வரியில் ஐயாவுக்குத் தொண்டை அடைக்கும், அதே வரியில் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். நாலாவது தோட்டத்தில் எனக்கு ஆள் வராமல் குரல் மட்டும் வந்து போவதுபோல் இருந்தது. இவ்வளவு சொல்கிற நான், முதல் நாள் "எழுத்து நல்லாருக்கு தம்பி" என்று ஐயா குலுக்கிய கையைக் கழுவ மனமில்லாமல் இரவுச் சோற்றைக் கரண்டியால் சாப்பிட்டவன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஐயாவுக்குப் பின்னால் எப்போதும் ஒரு வெள்ளை ஜீப் வரும். அதில் கொழும்பு முதலாளி ஒருவர். செலவெல்லாம் அவருடையது என்பார்கள். மாலை வாங்கமாட்டார், பேசமாட்டார், சனங்களைப் பார்க்கவும் மாட்டார். மலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். பேச்சை முடிக்குமுன் ஐயா ஒருமுறை அந்த ஜீப் பக்கம் திரும்புவார். உள்ளே தலை அசைந்தால்தான் பேச்சு முடியும்.

இந்த ஹோட்டலுக்குக் கீழே அன்று ஒரு லயம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை அறைகள், இருந்தது. கடைசி அறை புஷ்பம் அக்காவுடையது. கொழுந்தெடுப்பவர், தனி ஆள். அவர் அறையின் பின்சுவர் வெடிப்பில் என் கை முழங்கை வரைக்கும் போனது. நான் கல்லை இறக்கப்போகும் நேரத்தில் கிண்ணத்தில் மஞ்சள் கரைத்துக்கொண்டு வந்தார்.

"புது வூட்டுச் செவத்துல கை வைப்போம்ல தம்பி, அத இப்பவே வச்சுர்றேன்."

மண்ணில் பதியும் பக்கத்தில் உள்ளங்கையை அழுத்தி எடுத்தார். சுண்டுவிரல் வளைந்த கை.

கூட்டம் கலைந்து நான் கல்லைப் பெயர்க்கும்போது, மறந்த கிண்ணத்தை எடுக்க அக்கா திரும்பி வந்தார். "என்னா தம்பி, கல்லத் தூக்கிட்டீங்க?" கை நழுவி மூலை உடைந்தது அப்போதுதான்.

"சிமெந்து போட்டுக் கொண்டாறோம்க்கா," என்றேன். சட்டென்று வந்த பொய்.

"அப்ப சரி. நான் எங்கயும் போகமாட்டேன்."

பிறகு போன தோட்டங்களில் அந்த மஞ்சள் கையைத் தேங்காய்த் தும்பு வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். கை போகவில்லை. ஐயா தொண்டை அடைத்துப் பேசும்போதெல்லாம் அவர் காலடியில் மண்ணுக்குள் ஒரு கை இருக்கிறது என்று எனக்கு மட்டும் தெரியும். கல்லைத் திருப்பும்போது கண்ணை மூடிக்கொள்வேன்.

ஐயா வென்றார். நானும் அவருக்குத்தான் போட்டேன், சிரிக்காதீர்கள். கல் அந்தக் கொழும்பு முதலாளியின் ஸ்டோருக்குப் போய்விட்டது என்றார்கள். அடுத்த பெருமழைக்கு மலை சரிந்து அந்த லயத்தின் மேல் விழுந்தது.

சில நாள் கழித்து ஹாலிஎலவிலிருந்து அக்காவின் தம்பி கடைக்கு வந்தார். கல்லறைக் கல் வேண்டும் என்று ஆரம்பித்தார். "எல்லாரையும் வெளியேறச் சொன்னாங்க. நானும் போயி அக்காவக் கூப்பிட்டேன். கல்லு வர்றப்ப நான் இல்லாட்டி வூட்டு லிஸ்ட்ல பேர வெட்டிருவாங்கன்னு வரவே மாட்டேன்னுட்டாங்க." சுவரில் சாய்த்திருந்த ஒரு கல்லைத் தடவிப் பார்த்தார். "ஒடம்பே கெடைக்கல. கல்ல எங்கங்க நடுறது?" கல்லுக்குச் சொல்லிவைக்காமலே இறங்கிப் போனார். உளியைப் பிடித்தபடி நான் வாயைத் திறக்கவில்லை. இன்றுவரை யாரிடமும் திறந்ததில்லை.

பெனடிக்ட் அண்ணன் இப்போது இல்லை. கடை இருந்த இடத்தில் ஃபோன் விற்கிறார்கள். ஐயாவும் போய்விட்டார், அவர் மகன் சுவரொட்டிகளில் சிரிக்கிறார். லயம் இருந்த இடத்தில் பன்னச்செடிப் புதர். அதற்கு மேலே முதலாளியின் ஹோட்டல். காட்சி அழகுதான், பொய் சொல்லக் கூடாது.

படியைக் குனிந்து பார்த்தேன். எழுத்துப் பக்கம் மண்ணைப் பார்த்துக் கிடந்தது. மேற்பக்கத்தில் மஞ்சளாக ஒரு கறை. குடையோடு நின்ற ஹோட்டல்காரர், "பாசிங்க சேர். எவ்வளவு தேச்சாலும் திரும்ப வந்துருது," என்றார். பாசியாகத்தான் இருக்க வேண்டும். இத்தனை வருஷ மழை வெயிலுக்கு மஞ்சள் நிற்காது, எனக்குத் தெரியாதா? ஆனால் ஐந்து விரல் இருந்தது. சுண்டுவிரல் வளைந்திருந்தது.

பின்னால் வந்தவர்கள் நெருக்கினார்கள். உள்ளே போக வேறு வழி இல்லை. அதை மிதித்துக்கொண்டுதான் போனேன்.